மோகினிக்கு விக்கல்

வெள்ளைப் புடவை கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருகிறது, முதலில் முந்தானை, பிறகு கொசுவம், பிறகு ஈரம் சொட்டும் கரை, உள்ளே ஆள் இல்லை, ராட்டினம் தானாகச் சுற்றுகிறது, ரம்பத்தின் பல் இல்லாத பக்கத்தில் வயலின் வில்லை இழுத்தால் எழுமே ஓர் ஓலம், பசித்த பூனை பஜனை பாடுவதுபோல, அது திரைக்குப் பின்னாலிருந்து வழிந்து மீனலோசனி டாக்கீஸின் தகரக் கூரை வரை போய் நிற்கிறது, இன்னும் ஒன்றரை நிமிஷத்தில் அந்தப் புடவை சிரிக்கும், சிரிப்பின் கடைசியில் அதற்கு விக்கல் எடுக்கும், அந்த விக்கலோடு கொட்டகையில் இருக்கிற முன்னூறு பேரும் சேர்ந்து விக்குவார்கள், ஐம்பது வருஷமாகக் கோவில்பட்டியில் இந்தப் படத்துக்கு அதுதான் மரியாதை, முதல் விக்கல் வெயிலுமுத்துவினுடையது, அவர் வலக்கையைத் தூக்கி விக்கினால்தான் மற்றவர்கள் விக்கலாம், எழுபத்து மூன்று வயதில் ஊருக்குள் அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரம், விக்கல் அண்ணாச்சி என்று சொன்னால் தபால்காரர் கதவிலக்கம் கேட்காமல் கடிதம் கொண்டுவந்து கொடுப்பார், அப்படிப்பட்ட வலக்கை இன்றைக்கு நாற்காலிக் கைப்பிடியை விட்டு எழும்ப மாட்டேன் என்கிறது, ஏனென்றால் இடப்பக்கத்தில் அவர் மனைவி உலகம்மாள் உட்கார்ந்திருக்கிறாள், கல்யாணமான முதல் வாரத்துக்குப் பிறகு இந்தப் படத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள், இன்றைக்கு வா என்றதும் வாரேன் என்றவள், முந்தானை நுனியை வாயருகே தயாராகப் பிடித்தபடி திரையைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஏன் பார்க்கிறாள், அந்தப் புடவைக்குள்ளிருந்து சிரிக்கப்போவது இவள்தானோ, இவள்தான் என்றால் நாற்பத்தெட்டு வருஷமாக ஊரைக் கூட்டிவைத்துப் பெண்டாட்டியைப் பழித்துக் காட்டியவன் என்றல்லவா ஆகும்.

சந்தேகப்படுவது வெயிலுமுத்துவுக்குத் தொழில், எடையளவு முத்திரை ஆய்வாளராக முப்பத்தைந்து வருஷம், சாத்தூர் முதல் கயத்தாறு வரை அவர் கவிழ்த்துப் பார்க்காத எடைக்கல் கிடையாது, கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும், குழியில் ஈயத்தை அடைத்து அரசாங்க முத்திரை குத்தியிருக்கும், விவரமான கடைக்காரன் முத்திரை கெடாமல் ஓரமாகவே ஈயத்தைச் சுரண்டிவிடுவான், வெளியே பார்த்தால் கல், உள்ளே ஓட்டை, கையில் வாங்கிய கணத்தில் அந்த ஓட்டை எத்தனை மில்லிகிராம் என்று சொல்லிவிடுவார் என்று ஜில்லா முழுக்கப் பேச்சு, அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் அவர்தான், ஓய்வு பெற்று வந்த பிறகும் கை அடங்கவில்லை, பால்காரரின் லிட்டரைச் சந்தேகிப்பார், டாக்டரின் தெர்மாமீட்டரைச் சந்தேகிப்பார், மாதம் மும்மாரி பெய்தால் மழைமானியைச் சந்தேகிப்பார், இப்பேர்ப்பட்ட மனிதர் தன் வீட்டு அடுப்பங்கரையில் இருந்த ஒரு கல்லை மட்டும் ஒரு தடவையும் கவிழ்த்துப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் கல்யாணமான வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறிலேயே தெரிந்திருக்கும், எழுபத்து நான்கில் தெரிய வாய்ப்பில்லை, அப்போது அவர் பேயைக் காதலித்துக்கொண்டிருந்தார்.

எழுபத்து நான்கில் வந்தது ‘மாப்பிள்ளை தேடிய மோகினி’, கல்யாணத்துக்கு முந்தின நாள் கிணற்றில் விழுந்து செத்துப்போன ஒருத்தி, தனக்கு வரன் தேடித் தானே கிளம்பி, ஊரில் எங்கே பெண் பார்க்க வந்தாலும் அங்கே போய் ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிடுவாள், பஜ்ஜியைத் தட்டோடு தின்பாள், மாப்பிள்ளைமார் வேட்டியை விட்டுவிட்டு ஓடுவார்கள், பேயோட்ட வரும் மந்திரவாதிக்கு எலுமிச்சம்பழத்தை நறுக்கினாலே மயக்கம் வரும், மோகினி பறக்கும்போது இடுப்பில் கட்டிய கம்பி தெரியும், இடது மணிக்கட்டில் கைக்கடிகாரம் தெரியும், அதில் மணி எப்போதும் பத்து பத்து, மோகினி வந்ததும் கொட்டகையில் எல்லோரும் தங்கள் கடிகாரத்தைப் பத்து பத்துக்குத் திருப்பி வைத்துக்கொள்வார்கள், மதுரையில் ஏழு நாள், திருநெல்வேலியில் நான்கு நாள், இங்கே எழுபத்தேழு நாள் ஓடியது, படத்துக்காக ஓடவில்லை, இசைக்காக ஓடியது, இசையமைப்பாளர் டி. பி. ஞானாமிர்தம் அந்த ஒரு படத்தோடு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது, நாகசுரத்தையும் எலெக்ட்ரிக் கிடாரையும் ஒரே கூண்டில் போட்டுச் சண்டைக்கு விட்டிருந்தார், மோர்சிங்கைத் தண்ணீருக்குள் வாசிக்கவைத்தது போல ஒரு சத்தம், கடத்தைக் கவிழ்த்துத் தட்டினாரா குடத்தைத் தட்டினாரா என்று இன்றுவரை வழக்கு, பயத்தில் மயிர் சிலிர்க்கும், சிரிப்பில் வயிறு வலிக்கும், ரெண்டும் ஒரே நேரத்தில், உடம்பு எதை முதலில் செய்வது என்று தெரியாமல் திணறும், ரிலீசான அன்று மாட்டினி, பெஞ்சு டிக்கெட், வாயில் கடலைமிட்டாய், பக்கத்தில் கூட்டாளி தாவீது, பின்னாளில் டிராயிங் வாத்தியார் ஆனவன், கிணற்றுக்குள்ளிருந்து அந்தப் புடவை ஏறி வந்து சிரித்தது, வாய்விட்டு, ஊரைக் கூட்டி, ஆகாயத்தைப் பார்த்துச் சிரித்துக் கடைசியில் ஒரு விக்கல், வெயிலுமுத்துவுக்குக் கடலைமிட்டாய் தொண்டையில் மாட்டி அதே நேரம் ஒரு விக்கல், பக்கத்தில் தாவீதுக்கு ஒன்று, பின்னால் யாருக்கோ ஒன்று, மறுநாள் பெஞ்சு முழுக்க, வாரக் கடைசியில் கொட்டகை முழுக்க, அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் தாவீதிடம் சொன்னார், லேய் கட்டுனா இப்படிச் சிரிக்கிறவளத்தாம்ல கட்டணும், தாவீது சொன்னான், அதுக்கு நீ கெணத்துல விழணும் வே.

எழுபத்தாறு வைகாசியில் தென்காசிக்குப் பெண் பார்க்கப் போனார், ஜமுக்காளம், பஜ்ஜி, தலைகுனிந்து உலகம்மாள், படத்தில் பார்த்த அதே காட்சி, வெயிலுமுத்துவுக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது, பெண்ணிடம் ஏதாவது பேசுங்க தம்பி என்றார்கள், பேசினார், மாப்பிள்ளை தேடிய மோகினி பாத்திருக்கியா, காபி டம்ளரோடு நடந்து வந்த மாமியார் கையிலிருந்து அத்தனையும் நழுவி விழுந்தது, நான்கு டம்ளர் நான்கு மூலைக்கு உருண்டது, பெண் நிமிர்ந்து அவரை ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டது, எங்க வீட்டுப் பொண்ணு சினிமாவே பாக்காது தம்பி, மெட்ராஸ்ல அக்கா பிரசவத்துக்குப் போயி ஏழு மாசம் இருந்துச்சு, அங்ககூட ஒரு படம் பாக்கலியே என்று மாமியார் தேவைக்கு மேல் இரண்டு தடவை சொன்னார், ஆய்வாளர் அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும், பட்டார், வேறுமாதிரி, காபியில் சிக்கரி அதிகமோ அதனால்தான் கொட்டிவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டார், கல்யாணம் முடிந்த ஐந்தாம் நாள், படம் மறுபடி மீனலோசனிக்கு வந்திருந்தது, புதுப்பெண்டாட்டியை மாட்டினிக்குக் கூட்டிப்போய்ச் சேர் டிக்கெட்டில் உட்காரவைத்து, தன் பிரதாபத்தைக் காட்டிவிட வேண்டும் என்று கையைத் தூக்கி அவர் விக்கிய விக்கலில் கொட்டகை அதிர்ந்தது, சுவர் சுண்ணாம்பு உதிர்ந்தது, திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி, சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள், என்னாச்சு, தலைவலி, வீட்டுக்கு நடந்தபோது கேட்டாள், நீங்க எப்பவும் இப்படித்தான் விக்குவியளா, பின்னே, நாந்தான் ஆரம்பிச்சு வச்சதே, ஊரே எம் பின்னாலதான், என்று மார்தட்டினார், அவள் இன்னும் நூறு எட்டு நடந்துவிட்டுச் சொன்னாள், நல்லது.

அந்த நல்லதுவின் எடை என்ன என்று அவர் பார்க்கவில்லை, பார்க்காமலே வருஷங்கள் ஓடுகின்றன, மகன் பிறக்கிறான், பெங்களூருக்குப் போகிறான், உலகம்மாள் சிரிப்பு வந்தால் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொள்வாள், தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது, அடக்கமான பொண்ணு என்று அவருடைய அம்மா நாலு தெருவுக்குச் சொல்லிப் பெருமைப்பட்டாள், படத்தின் பாட்டை அவர் வீட்டில் போட்டால் கூடையை எடுத்துக்கொண்டு செண்பகவல்லி கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள், அம்பாளுக்கு அவள் அளவுக்குப் பூ கட்டிப் போட்டவர்கள் பாண்டிய ராஜா காலத்திலும் இருந்திருக்க மாட்டார்கள், எண்பத்திரண்டில் ஒரு மத்தியானம், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே எதையோ முனகுகிறாள், மோகினி தன் கல்யாணத்தைத் தானே நினைத்துப் பாடும் பாட்டு, ஆனால் பாட்டு இல்லை, பாட்டுக்கு அடியில் கோரஸ் பெண்கள் வாயைத் திறக்காமல் ம்ம்ம் என்று இழுப்பார்களே, அந்த அடிக்குரல், ஊரில் எல்லோரும் மேலே உள்ளதைத்தான் பாடுவார்கள், அடியில் ஓடுவதை யார் முனகுவார்கள், இது எங்க கேட்ட என்றார், நீங்கதான் நாளெல்லாம் போடுதியளே என்றாள், முறம் நிற்கவில்லை, பதில் சரியான பதில்தான், ஆனால் அவர் போட்டுக்கொண்டிருந்த கேசட்டில் கோரஸ் கிடையாது, அது கொட்டகைக்குள் துண்டில் சுற்றி டேப்ரிக்கார்டரைக் கொண்டுபோய்த் திருட்டுத்தனமாகப் பதிந்தது, அதில் இருந்ததெல்லாம் தாவீதின் இருமலும், ஒரு தாலுகாவே கடலைமிட்டாய் கடிக்கும் சத்தமும், முன்னூறு விக்கலும்தான், அன்றைக்கு அது மனசில் ஒரு முள்ளாக விழுந்தது, அப்படியே விட்டார், எதற்கும் ஒரு குறிப்பு மட்டும் மண்டைக்குள் எழுதி வைத்துக்கொண்டார், அடிக்குரல், எப்படி.

போன பங்குனியில் மகன் காதை மூடுகிற ஹெட்போன் ஒன்று அனுப்பிவைத்தான், யாரோ புண்ணியவான் படத்தை இணையத்தில் ஏற்றியிருந்தான், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஈசிசேரில் சாய்ந்து காதை மூடிக்கொண்டு கேட்டார், கிணறு, ரம்பம், சிரிப்பு, பிறகு அந்த விக்கல், ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் அதைக் கேட்டார், அதுவரை யாரும் கேட்டதில்லை, கேட்கவேண்டிய நேரத்தில் எல்லோரும் விக்கிக்கொண்டல்லவா இருந்தார்கள், விக்கல் ஒரே துண்டாக இல்லை, இரண்டு எட்டாக இருந்தது, படியேறுகிறவள் ஒரு படியில் தடுக்கி அடுத்த படியில் சமாளித்துக்கொள்வதுபோல, பிறகு ஒரு குட்டி மூச்சு, வெட்கப்பட்ட மூச்சு, பேய் எதற்கு வெட்கப்படுகிறது, எழுபது தடவை திருப்பித் திருப்பிக் கேட்டார், மூன்று நாள் கழித்துக் கண்ணாடியைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துபோய், அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு, பூனையைச் சந்தேகப்பட்டு அதன் வாயைக்கூடத் திறந்து பார்த்தார், கண்ணாடி அவர் நெற்றிமேல்தான் இருந்தது, உலகம்மாள் நிலைக்கதவில் சாய்ந்து முந்தானையைத் திணித்துக்கொண்டு குலுங்கினாள், குலுங்கிக் குலுங்கி, முந்தானைக்குள்ளிருந்து ஒரு விக்கல், இரண்டு எட்டு, தடுக்கல் ஒன்று, சமாளிப்பு ஒன்று, பிறகு அந்தக் குட்டி மூச்சு, வெயிலுமுத்துவுக்குப் பூனையைப் பிடித்த வாக்கிலேயே முதுகுத்தண்டில் ராட்டினம் சுற்றியது.

ஒரு தடவை கேட்டதை வைத்து முத்திரை குத்த முடியாது, மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும், ஆகவே அவளை வாய்விட்டுச் சிரிக்கவைப்பது என்று தீர்மானித்தார், சித்திரை முழுக்கச் சோதனை, சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போய்வந்தார், வார்டு கவுன்சிலர் மாதிரி பேசிக்காட்டினார், வாசலில் வேண்டுமென்றே வழுக்கி விழப்போய் வேண்டாமலே வழுக்கி விழுந்தார், தாவீது வாத்தியார் வீட்டு நாடகப் பெட்டியிலிருந்து சவுரி முடி வாங்கிவந்து போட்டுக்கொண்டு சாம்பார் கேட்டார், உலகம்மாள் சிரிக்கவில்லை, முந்தானையைக்கூடத் தொடவில்லை, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள், பிரஷர் மாத்திரை போட்டியளா இல்லியா, போட்டேன், ரெண்டு போட்டியளோ, மகனுக்கு போன் செய்து, அப்பாவுக்கு மேல் மாடி ஒரு மாதிரி இருக்குப்பா, நீ ஒரு எட்டு வந்து பாரு என்றாள், பிறகு அவர் பக்கம் திரும்பி, என்னத்தையோ தோண்டுதிய, என்னத்தன்னுதான் தெரியல என்றாள், அன்றிலிருந்து அவர் அவளை ஓரக்கண்ணால் பார்க்க, அவள் அவரை ஓரக்கண்ணால் பார்க்க, வீட்டில் நேராகப் பார்க்கிற ஆத்மா பூனை ஒன்றுதான், அதுவும் வாயைத் திறந்து பார்த்த நாளிலிருந்து அவரிடம் பேச்சுவார்த்தை இல்லை.

தாவீதிடம் டீக்கடையில் வைத்துச் சொன்னார், தாவீது டீயை உறிஞ்சாமலே கீழே வைத்தார், கேட்டுத் தொலைய வேண்டியதுதான வே, எப்படிவே கேக்க, நாப்பத்தெட்டு வருஷம் கழிச்சு ஏட்டி நீதான் அந்தப் பேயான்னா, தாவீது யோசித்தார், அவ இல்லன்னு சொன்னா, நம்ப மாட்டேன், ஆமான்னு சொன்னா, டீ ஆறிக்கொண்டிருந்தது, வெயிலுமுத்துவுக்குள் ஐந்தாம் நாள் மாட்டினி ஓடியது, கை தூக்கியது, சுவர் சுண்ணாம்பு உதிர்ந்தது, பக்கத்து நாற்காலி காலியானது, சைக்கிள் ஸ்டாண்டில் நின்றவள் எத்தனை சின்னவள், இருபது வயது, ஆமாம்னு சொன்னா நான் என்ன மனுசன்வே என்றார், தாவீது சொன்னார், அப்ப மனுசன் இல்ல, அண்ணாச்சி.

அந்த வாரமே மதுரையிலிருந்து ஒரு பல் டாக்டர் காரில் வந்து இறங்கினார், பாக்கியநாதன் என்று பெயர், பகலில் பல் பிடுங்குவார், மிச்ச நேரத்தில் யாருமே காப்பாற்றாத படங்களைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றுவார், மோகினியின் பிரதி ஒன்று எங்கோ ஒரு எண்ணெய்க் கிடங்கில் தகர டப்பாவுக்குள் கிடைத்ததாம், ஐம்பதாம் வருஷத்துக்குப் புதுசாக்கிவிட்டோம், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு உங்க மீனலோசனியிலேயே போடுறோம், விக்கல் அண்ணாச்சி இல்லாம எப்படி என்றார், படம் எல்லாம் பளிச்சுன்னு இருக்கும் சார், சத்தத்தையும் சுத்தம் பண்ணியாச்சு, சொத்தை, கறை, ஒண்ணு விடாம எடுத்தாச்சு, வெயிலுமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார், ஒண்ணு விடாமன்னா, ஒண்ணு விடாம சார், எதையெல்லாம் எடுத்தீர் என்று அப்போதே கேட்க நினைத்தார், ஆனால் காபி கொண்டுவந்த உலகம்மாள் டம்ளரை நீட்டிய கை நீட்டியபடி நிற்கிறதைப் பார்த்ததும் கேட்க மறந்துபோனது, ஞாயித்துக்கிழமை நீயும் வாரியா என்று சும்மாதான் கேட்டார், வழக்கம்போல் கோயில் என்பாள் என்று எதிர்பார்த்தார், வாரேன் என்றாள், எதுக்கு என்று வாய்வரை வந்ததை விழுங்கினார், ஞாயிற்றுக்கிழமை மாம்பழக் கலர் சுங்குடியைக் கட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் செருப்பு மாட்டி வாசலில் நின்றாள், வழியெல்லாம் அவள் வேகத்துக்கு அவரால் நடக்க முடியவில்லை, எவள் ஒருத்தி நாற்பத்தெட்டு வருஷம் தப்பித்து ஓடிய இடத்துக்கு இவ்வளவு வேகமாகப் போவாள், பழிவாங்கப் போகிறவள்தான் போவாள் என்று நினைத்துக்கொண்டே வியர்வையைத் துடைத்தார்.

புடவை கிணற்று விளிம்புக்கு வந்துவிட்டது, ராட்டினம் நின்றுவிட்டது, ரம்பம் மூச்சுப் பிடித்துக்கொண்டது, அவருடைய வலக்கை கைப்பிடியில் வியர்த்துக் கிடக்கிறது, தூக்கினால் அவளைப் பழித்தவன், தூக்காவிட்டால் முன்னூறு பேருக்கு முன்னால் ஏன் என்று சொல்ல வேண்டியவன், முன்வரிசையிலிருந்து தாவீது திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், மோகினி சிரிக்கிறாள், ஆகாயத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள், இதோ, முன்னூறு தொண்டையும் இவர் கையைப் பார்க்கிறது, கை பாதி எழுந்து பாதியில் நிற்கிறது, வாய் திறந்தபடி நிற்கிறது, இதோ, இதோ, சிரிப்பு முடிந்துவிட்டது, விக்கல் இல்லை. அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, கழுவித் துடைத்த மொசைக் தரை மாதிரி ஒரு வெறுமை, கல்லைக் கையில் வாங்கிய கணத்தில் தெரியுமே, அதுபோல் தெரிந்துவிட்டது அவருக்கு, சுரண்டிவிட்டான், பல் டாக்டர் சொத்தை என்று நினைத்துச் சுரண்டிவிட்டான், முத்திரை அப்படியே இருக்கிறது, ஈயம் போய்விட்டது, கொட்டகையில் எவனும் விக்கவில்லை, எவனுக்கும் மூச்சில்லை, அந்த அமைதியில் இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல், எடுத்துட்டானுவளே.

அவர் திரும்பினார், பாதி தூக்கிய கை, திறந்த வாய், அதற்குள் வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொண்ட ஒரு விக்கல், அந்த மூஞ்சியை உலகம்மாள் பார்த்தாள், முந்தானை கை வரைக்கும் வந்தது, வாய் வரைக்கும் வரவில்லை, நழுவியது, சிரித்தாள், வாய்விட்டு, ஊரைக் கூட்டி, தகரக் கூரையில் தூங்கிய புறாவெல்லாம் எழும்பிப் பறக்க, எட்டயபுரம் வரைக்கும் கேட்டிருக்கும், சித்திரை முழுக்க அவர் போட்ட சவுரிக்கும் வழுக்கி விழுந்ததற்கும் மசியாதவள் இந்த ஒரு மூஞ்சிக்குச் சிரித்தாள், சிரிப்பின் கடைசியில் விக்கல், தடுக்கல் ஒன்று, சமாளிப்பு ஒன்று, பிறகு அந்தக் குட்டி மூச்சு, முன்னூறு தலையும் திரையை விட்டுவிட்டுத் திரும்பியது, தாவீது வாத்தியார் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார், ஒன்ஸ் மோர், பெஞ்சு கத்தியது, ஒன்ஸ் மோர், பல் டாக்டர் மெஷின் ரூமை நோக்கி ஓடுகிறார், படம் நிற்கிறது, பின்னால் ஓடுகிறது, புடவை கிணற்றுக்குள் இறங்குகிறது.

அந்த நேரத்தில் உலகம்மாள் அவர் காதருகே குனிந்து, நேற்று நடந்த சண்டையைச் சொல்வதுபோலச் சொன்னாள், மெட்ராஸ்ல அக்கா வீட்டு அத்தான் பாட்டுப் பதிவுல பிடில் வாசிச்சாவ, கோரசுக்கு ஆள் கொறையுதுன்னு என்னையும் கூட்டிட்டுப் போனாவ, பேய்ச் சிரிப்பு சிரிக்கணும்னதும் பாடகியம்மா கல்யாணம் நிச்சயமாயிருக்கு, மாட்டேன்னுட்டாவ, மத்த பிள்ளைகளும் பயந்துட்டாளுவ, நான் மத்தியானம் ஆறு மிளகாய் பஜ்ஜி தின்னுட்டு நிக்கேன், நான் சிரிக்கேன்னேன், ஒரே டேக்கு, கடைசியில விக்கிருச்சு, போச்சுன்னு நின்னேன், அந்த ஞானாமிர்தம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எந்திரிச்சு நின்னு கைதட்டுதாரு, இருக்கட்டும், பேய்க்கும் பஜ்ஜி தின்னா விக்கும்லான்னாரு, அம்மாவுக்குத்தான் உசிரு போச்சு, பேயாச் சிரிச்சவள எவன் கட்டுவான்னு, கட்டிக்குடுத்த வீட்டுல போயிச் சிரிச்சுத் தொலைச்சிராத, மாப்பிள்ளை கண்டுபிடிச்சிருவாருன்னு சொல்லித்தான் அனுப்புனா, நீங்க என்னடான்னா பொண்ணு பாக்க வந்த எடத்துலயே படப்பேரச் சொல்லுதிய, அஞ்சாம் நாளே கூட்டிட்டுப் போயி விக்கிக் காட்டுதிய, தெரிஞ்சு வச்சிக்கிட்டுதான் ஆட்டம் காட்டுதியன்னு நெனச்சேன், என்னைக்காவது ஒருநாள் வாய்விட்டுக் கேப்பியன்னு பாத்தேன், வெயிலுமுத்து நெஞ்சில் கைவைத்தார், சத்தியமா எனக்குத் தெரியாதுட்டி, ஒரு கிராம் கொறஞ்சா கண்டுபிடிக்கிற ஆளு, நாப்பத்தெட்டு வருஷமா தெரியாது, அம்பாள் சத்தியமா தெரியாது, நான் பழிச்சுல்லா காட்டிட்டேன், உலகம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் சந்தேகம் அந்தக் கண்ணில் மிச்சம் இருந்தது, அப்ப அதுக்குப் பேரு பழிக்கதா, முன்னூறு பேரு கூடச் சேந்து விக்கதுக்கு, நானும் கோயில்ல உக்காந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன், பழிக்கானுவளா, கொண்டாடுதானுவளான்னு, இன்னைக்கு வந்து பாத்திருவோம்னுதான் வந்தேன், வந்த அன்னைக்கு அத எடுத்துட்டானுவ, பாத்தியளா.

மெஷின் ரூம் ஓட்டையிலிருந்து பல் டாக்டரின் தலை எட்டிப் பார்த்து, அம்மா, சத்தத்தை அணைச்சிட்டேன், நீங்க சிரிங்க என்றது, உலகம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள், ஊமையாக, ரம்பம் இல்லாமல், ராட்டினத்தின் கிரீச்சுகூட இல்லாமல், வெள்ளைப் புடவை கிணற்றுக்குள்ளிருந்து மறுபடி ஏறி வருகிறது, முதலில் முந்தானை, பிறகு கொசுவம், பிறகு ஈரம் சொட்டும் கரை, மணிக்கட்டில் மணி பத்து பத்து, முன்னூறு பேரும் பழக்கதோஷத்தில் வெயிலுமுத்துவின் வலக்கையைப் பார்க்கிறார்கள், வலக்கை எழவில்லை, அது தோளில் கிடந்த துண்டின் நுனியைத் தேடி எடுத்துச் சுருட்டி அவர் வாய்க்குள் திணிக்கிறது, தோள் மட்டும் குலுங்குகிறது, இந்தத் தடவை யாரும் விக்கக் கூடாது, இந்தத் தடவை எல்லோரும் கேட்க வேண்டும், புடவை விளிம்புக்கு வந்துவிட்டது, வாயைத் திறக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறது.